எத்தனை கரண்ட், எந்தக் கரண்ட்? உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மலையிறங்குபவர்களுக்காக

"உங்க மாமாவுக்கு எத்தன கரண்ட் சொல்லியிருக்காங்க?" என்று கோத்தகிரி பேருந்து நிலையத்தில் அடுத்த லைன் அக்கா கேட்டார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் தோட்டத்து லைன்களில் அதுதான் பெயர். 28 என்றேன். "எங்க அண்ணனுக்குப் பத்தோட முடிச்சிட்டாங்களே, உங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எண்ணிக்கை வேறுபடுவது நோக்கத்தால். கட்டியை ஒழிக்கும் எண்ணத்தில் வைப்பது ஒரு வகை. நோய் பரவிவிட்ட நிலையில், சோறு இறங்க வழி செய்வதற்காக மட்டும் வைப்பது இன்னொரு வகை. இதில் எது என்று டாக்டரிடம் கேட்காமல் மெஷினைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை.

ஒழிக்கும் எண்ணத்திலும் இரண்டு பாதை உண்டு. ஒன்று, கரண்டும் கீமோவும் கொடுத்துவிட்டு ஆபரேஷன். நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வு, 2012-ல் வெளியானது, இதற்கு அடித்தளம். மொத்தம் 41.4 கிரே (கதிரை அளக்கும் அலகு), 23 தடவையாகப் பிரித்து, வாரம் ஒரு கீமோவோடு. ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 24 மாதம். இப்படி முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 49 மாதத்துக்கு மேல். உணவுக்குழாயின் உட்பூச்சு அணுக்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகைக் கட்டியில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆபரேஷனில் எடுத்த துண்டில் புற்றணு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம் என்று வாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்த ஸ்குவாமஸ்தான். என் மாமாவுக்கும் அதுதான்.

இரண்டாவது பாதை, ஆபரேஷனே இல்லாமல் கரண்டும் கீமோவும் மட்டும். 50.4 கிரே, 28 தடவை, ஐந்தரை வாரம். கட்டி கழுத்துப் பகுதியில் இருந்தால் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் அங்கே வெட்டினால் குரல்வளையும் போகக்கூடும். மாமாவுக்குக் கட்டி நடு மார்பில். ஆனால் நாற்பது வருடம் பீடி குடித்த நுரையீரல். மார்பையும் வயிற்றையும் திறந்து இரைப்பையை மேலே இழுத்து ஒட்டும் ஆபரேஷனை அது தாங்காது என்றார்கள். உடம்பு தாங்கும் என்று சொல்லியிருந்தால் நான் முதல் பாதையைத்தான் கேட்டிருப்பேன். முன்சிகிச்சையிலேயே கட்டி கரைந்துவிட்டவர்களை உடனே அறுக்காமல் அடிக்கடி சோதித்து வந்தால், இரண்டு ஆண்டு அளவில் உயிர்வாழ்வு குறையவில்லை என்று அண்மையில் நெதர்லாந்திலேயே காட்டியிருக்கிறார்கள். அந்தச் சோதனைகளுக்கு ஒன்றுவிடாமல் கீழே போய்வர முடிகிறவர்களுக்கு அது பொருந்தும்.

"கூடக் கொஞ்சம் வச்சாச் சீக்கிரம் போயிடாதா பாப்பா?" என்று மாமா கேட்டார். போகாது. 50.4-க்குப் பதில் 64.8 கிரே வைத்து அமெரிக்காவில் பார்த்தார்கள், 61.6 வைத்து நெதர்லாந்தில் பார்த்தார்கள். இரண்டிலும் கூடுதல் பலன் இல்லை. பலன் தருவது கூடச் சேரும் கீமோ. பழைய அமெரிக்க ஆய்வொன்றில் 50 கிரேயோடு கீமோவும் பெற்றவர்களில் 100-க்கு 26 பேர் ஐந்து ஆண்டு கடந்தார்கள். கீமோ இல்லாமல் 64 கிரே வாங்கியவர்களில் ஒருவரும் இல்லை. ஆகவே கீமோவைத் தாங்கும் உடம்புள்ளவர், 'முடி கொட்டும்' என்று பயந்து அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

உணவுக்குழாயின் அடியில், இரைப்பையை ஒட்டி வரும் அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் தொடங்கும் வகை) என்றால் கதை வேறு. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்து கீமோ கொடுப்பது கிராஸ் முறையை விட ஆயுளைக் கூட்டியதாக 2024-ல் ஜெர்மானிய ஆய்வு காட்டியது. அவர்களுக்குக் கரண்டே தேவைப்படாமல் போகலாம். பயாப்ஸி தாளில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இனி மெஷின். பழைய முப்பரிமாண முறையில் மூன்று நான்கு திசையிலிருந்து கதிர் பாயும். ஐ.எம்.ஆர்.டி.யில் கதிரின் அடர்த்தியைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்குகிறார்கள். உணவுக்குழாய்க்கு முன்னால் இதயம், பக்கத்தில் நுரையீரல், பின்னால் தண்டுவடம் என்பதால் அந்தச் செதுக்கல் மதிப்புள்ளது. வீ.மேட் அதன் வேகமான வடிவம், மெஷின் சுற்றிக்கொண்டே கொடுத்து முடித்துவிடும். இருமலோடு அசையாமல் படுக்க முடியாதவருக்கு அது பெரிய உதவி. கோவையில் இவை கிடைக்கின்றன. காப்பீட்டு அட்டையில் எந்த முறைக்கு எவ்வளவு என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டியைத் தாண்டி அதிகம் பாயாத புரோட்டான் கதிர் வேண்டும் என்றால் சென்னை தரமணி. வீட்டை விற்றாவது போகலாமா என்று என் தம்பி கேட்டான். ஹூஸ்டனில் புரோட்டானையும் ஐ.எம்.ஆர்.டி.யையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். பக்கவிளைவுச் சுமை ஐ.எம்.ஆர்.டி.யில் 2.3 மடங்கு அதிகம், அது சிறிய விஷயமல்ல. ஆனால் மூன்று ஆண்டு உயிர்வாழ்வு இரு பக்கமும் 44.5 சதவீதம். இதயம் ஏற்கெனவே பழுதானவருக்கு யோசிக்கலாம். மற்றபடி வீட்டை விற்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன்.

எங்களுக்கு உண்மையில் இடித்தது மலைப்பாதை. முதல் வாரம் விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய், இரவு வீடு திரும்பினோம். கொண்டை ஊசி வளைவுகளில் மாமா வாந்தி எடுத்தார். ஐப்பசி மழையில் மண் சரிந்து இரண்டு கரண்ட் தவறியது. ஸ்குவாமஸ் கட்டி இடைவெளி கிடைத்தால் மறுபடி வேகமாகப் பெருகும். அதனால் விட்ட நாளை, சனிக்கிழமை சேர்த்தோ ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டாகவோ ஈடுகட்டுவார்கள். அது எல்லா இடத்திலும் நடக்காது. மூன்றாம் வாரம் தொண்டைக்குள் எரிச்சல் ஏறி எச்சில்கூட இறங்கவில்லை. மூக்கு வழியே குழாய் போட்டார்கள். எடை மிகவும் குறைந்தால் உடம்பில் போட்ட கோடுகள் விலகி, கதிர் எங்கே பாய வேண்டும் என்று திட்டமிடும் பிளானிங் சி.டி. ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டிவரும். ஆகவே தொடங்கும் முன்பே குழாய் பற்றிப் பேசிவிடுவதும், ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுப்பதும், மெஷின் எது என்பதற்கு முன் தீர்க்க வேண்டியவை. நாங்கள் இரண்டாம் வாரம்தான் அறை எடுத்தோம்.

அந்த அக்காவின் அண்ணனுக்கு வைத்தது இரண்டாம் நோக்கத்துக்கான கரண்ட். 10 தடவையில் 30 கிரே, இரண்டு வாரத்தில் முடியும். இதோடு கீமோ சேர்த்தாலும் விழுங்குவதில் பெரிய முன்னேற்றம் இல்லை, தொந்தரவுதான் கூடும். இதற்குப் போட்டியாக இரண்டு வழி உண்டு. அடைபட்ட இடத்தை விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தால் சில நாளிலேயே கஞ்சி இறங்கும். பிராக்கிதெரபியில் மெல்லிய குழாய் வழியே கதிர்மூலத்தைக் கட்டிக்கு அருகிலேயே கொண்டுபோய் ஒரே தடவையில் 12 கிரே கொடுப்பார்கள். ஸ்டென்ட் முந்தும், ஆனால் சில மாதம் கடந்து பார்த்தால் பிராக்கிதெரபி பெற்றவர்களே நன்றாக விழுங்கினார்கள், சிக்கலும் குறைவு. கட்டி மூச்சுக்குழாயைத் துளைத்திருந்தால் பிராக்கிதெரபி கூடாது. ஒரே பயணத்தில் முடிவதால், கூடலூர் போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணனுக்குப் பத்தாவது கரண்ட் முடிந்த அன்று எதுவும் மாறவில்லை, இதுவும் வீண் என்று அக்கா அழுதிருக்கிறார். மூன்றாம் வாரம் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தபோது அவர் மறு கரண்டி கேட்டாராம்.