இல்லாத பட்டனுக்குக் காத்திருப்பது: இரண்டு வழிகள்

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒரு கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். 'விலை கேட்க' பட்டன் கல் பக்கத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற பக்கங்களில், பக்கத்தில் ஒரு பொருளைத் தேடித் தரும் குவெரிசெலக்டர் அதைத் தேடி 'நல்' (null, அதாவது எதுவும் இல்லை) என்று திருப்பித் தரும். அந்த 'நல்' மேல், கிளிக்குக்குக் காத்திருக்கச் சொல்லும் ஆட்ஈவென்ட்லிசனர் போட்டால் பிழை. அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடாது. போனில் மெனுகூடத் திறக்காமல் போனது இதனால்தான்.

முதல் வழி, பட்டன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லிசனரைக் கட்டுவது. ஒரு இஃப் போதும். 2020 முதல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் உள்ள கேள்விக்குறி-புள்ளி (?.) இன்னும் சுருக்கம்; 'நல்' என்றால் அப்படியே விட்டுவிடும். ஆனால் பட்டனுக்கு வைத்த பெயரான ஐடியைத் தப்பாக எழுதியிருந்தாலும் அது சத்தமில்லாமல் கடந்துபோகும். அந்தத் தவறைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது.

இரண்டாவது, முழுப் பக்கத்தையும் குறிக்கும் டாக்குமென்ட்டிலேயே ஒரே ஒரு லிசனர். செட்டிநாட்டு வீட்டில் எந்த அறையில் பேசினாலும் நடு முற்றமான வளவில் கேட்கிற மாதிரி, கிளிக் மேலே ஏறி அங்கே வந்து சேரும். ஈவென்ட் டார்கெட்டில், அதாவது கிளிக் விழுந்த இடத்தில், குளோசெஸ்ட் போட்டு, அதுவோ அதைச் சுற்றியிருப்பதோ நம் பட்டனா என்று பார்த்தால் சரி. பட்டனுக்குள் இருக்கும் படத்தைத் தொட்டாலும் பிடிபடும். பக்கம் திறந்த பிறகு சேரும் புதுக் கல் வகைகளுக்கும் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் ஒரு கட்டத்துக்குள் போவதையும் வெளியே வருவதையும் சொல்லும் ஃபோகஸ், பிளர் மேலே ஏறாது; அவற்றுக்குப் பதில் ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட்.

கல் பட்டியலுக்கு இரண்டாவதையே வைத்திருக்கிறேன். மெனு பட்டன் எல்லாப் பக்கத்திலும் இருந்தே ஆக வேண்டியது. அதற்கு இரண்டுமே வேண்டாம், இல்லையென்றால் பிழை கண்ணில் படட்டும்.