குளிர்கால டயரா, ஆல் சீசன் டயரா?

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவுக்கு வந்து முதல் பனிக்காலத்தில் கார் ஓட்டப் போகிறீர்களா? முதலில் டயரை முடிவு செய்யுங்கள்.

ஆல் சீசன் டயர் பெரும்பாலும் காரோடே வரும். தனிச் செலவில்லை, மாற்றும் அலைச்சலில்லை. ஆனால் வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் ரப்பர் இறுகத் தொடங்கும், சாலையில் பிடிப்பு குறையும். பனியே பெய்யாத காய்ந்த சாலையிலும் இப்படித்தான்; புதிதாக வருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். மேற்பரப்பின் நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'எம்+எஸ்' (M+S, அதாவது சேறு, பனி) என்ற எழுத்து மட்டும் போதாது. நான்கையும் மாற்ற வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் வளைவில் வண்டி சுழன்றுவிடலாம். செலவு அதிகம்தான், கோடையில் எடுத்துவைக்க இடமும் வேண்டும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயமில்லை, ஆனால் காப்புறுதியில் தள்ளுபடி கிடைக்கும்.

நான் குளிர்கால டயர் பக்கம்தான். 'ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வசதி) இருக்கிறதே' என்பார்கள் சிலர். அது வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. பனிக்குப் பழகாதவருக்கு நிற்பதுதான் பெரிய கஷ்டம். இரண்டு செட் வாங்க வசதியில்லையென்றால், அதே மலைச் சின்னம் உள்ள, ஆண்டு முழுவதும் போடக்கூடிய 'ஆல் வெதர்' டயரை (இது ஆல் சீசன் அல்ல) போட்டு, முன்வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டுங்கள்.