தோட்டத்து அப்பாயிக்கு ஒரு நினைவேடு: ஸ்கிராப்புக் பெட்டி ஒன்றின் மதிப்புரை

மலேசியாவின் கிள்ளானில் உள்ள ஒரு கைவினைக் கடையில் 189 ரிங்கிட்டுக்கு விற்கும், படங்களையும் நினைவுப் பொருள்களையும் ஒட்டித் தொகுப்பதற்கான ‘குடும்ப வரலாறு’ ஸ்கிராப்புக் பெட்டியை, மறைந்த என் அப்பாயியின் வாழ்க்கையை ஓர் ஏடாகத் தொகுக்கும் நோக்கத்துடன் வாங்கினேன். இதே வகைப் பெட்டி வெவ்வேறு பெயர்களில் பல கடைகளில் கிடைப்பதால் கடையின் பெயரை விட்டுவிடுகிறேன். பன்னிரண்டு அங்குலச் சதுர ஆல்பம், தடித்த தாள்கள், ஒளிபுகும் உறைகள், இருபுறமும் ஒட்டும் நாடா, முத்திரை மை, அலங்கார ஒட்டிகள், ஆங்கில எழுத்து வில்லைகள் ஆகியவை இதில் அடங்கும்.

பெட்டியை மதிப்பிடுவதற்கு முன் அது யாருக்காகப் பயன்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பாயி 1949ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலின் மேல்தளப் பயணியாக ஏறிப் பினாங்கில் இறங்கியவர். பயணச் செலவைப் பிறர் ஏற்கும் உதவிப் பயணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இலேயே தடை செய்துவிட்டதால், அவர் கங்காணி திரட்டிய ஆளாக வரவில்லை. ஏற்கெனவே சிலாங்கூரில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த, தாத்தாவின் புது மனைவியாக வந்தார். வந்த சில நாட்களிலேயே அவரும் பால்மரம் வெட்டும் உளியைக் கையில் எடுத்தார். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. 1948இல் தொடங்கிய தேசியப் பதிவின்படி, 12 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்பாயியின் முகம் முதன்முதலாகப் படமாகப் பதிவானது அந்த அட்டைக்காகத்தான். அதன் கூடுதல் பிரதி ஒன்று, தபால்தலை அளவில், தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது.

இந்த ஒரு செய்தியே பெட்டியின் பெரிய குறையை வெளிப்படுத்திவிடுகிறது. பிறந்த நாள், கல்யாணம், சுற்றுலா என்று வாழ்நாள் முழுவதும் படம் எடுத்துக்கொண்ட ஒருவரை மனத்தில் வைத்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள். பெட்டியில் உள்ள படச்சட்டங்கள் எல்லாம் நான்குக்கு ஆறு அங்குலப் படத்துக்கு ஏற்றவை. ஒட்டிகளில் ஈஃபிள் கோபுரமும் தோல் பெட்டியும் விமானமும் இருக்கின்றன. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு முதல் இருபது ஆண்டுகளில் கிடைத்த படங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம், அவற்றிலும் பாதி அரசாங்கம் கேட்டதற்காக எடுத்தவை. அந்தச் சிறு படத்தைப் பெரிதாக்கி அழகுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. வெறும் தாளின் நடுவே, உள்ள அளவிலேயே, நான்கு காகித மூலைகளில் செருகி வைத்தேன். பெட்டியோடு வந்த சட்டம் எதுவும் அந்தப் பக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

தாளைப் பொறுத்தவரை குறையே சொல்ல முடியாது. அமிலமும், தாளை மஞ்சளிக்கச் செய்யும் மரப்பொருளான லிக்னினும் இல்லாத தாள் என்று உறையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பேனாவால் ஓரத்தில் கோடிழுத்துப் பார்த்ததில் அமிலம் இல்லை என்ற கூற்று சரியாகவே இருந்தது. ஆல்பம் வளையங்களால் கோக்கப்படாமல் திருகாணித் தண்டுகளால் இணைக்கப்பட்டிருப்பது இன்னும் பெரிய வசதி, ஏனெனில் துணியும் கடிதமும் சேரும்போது ஏடு தடிக்கும், தண்டை நீட்டிக்கொண்டால் முதுகு பிளக்காது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் வீடுகளில் புழங்கிய, பிசின் பூசிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் மூடிய ஆல்பங்களோடு இதை ஒப்பிடவே கூடாது. அந்தப் பிசின் மஞ்சளித்துப் படத்தைக் கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆல்பம் ஒன்றிலிருந்து அப்பாயியின் படங்களைப் பல் இடுக்கில் விடும் நூலை மெல்ல இழுத்துத்தான் பிரித்தெடுத்தேன்.

உறைகளில் இரண்டு வகை உண்டு. பெரியவை பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்று குறிக்கப்பட்டவை, நம்பிப் பயன்படுத்தலாம். சிறிய பைகளில் எந்தக் குறிப்பும் இல்லை, புது மழைக்கோட்டின் நெடி அடித்தது. அது பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ஒட்டும் நாடா காகிதத்துக்குப் போதுமானது, துணிக்குப் போதாது. வேலைக்குப் போகும்போது அப்பாயி கைலியின் மேல் தாத்தாவின் நீளக்கைச் சட்டையை அணிவார். அந்தச் சட்டையின் கைப்பகுதியில் பால் சிந்திக் காய்ந்து கறுத்த கறைகள் எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அந்தக் கைப்பகுதியை ஏட்டில் ஒட்டியபோது, நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடா இளகி, துணி ஒரு பக்கமாகச் சரிந்ததால், பக்கத்தில் ஊசியால் முன்கூட்டியே துளையிட்டு, பருத்தி நூலால் ஓரத்தைச் சுற்றித் தைத்தேன். காய்ந்த ரப்பர் பழசானால் பிசுபிசுக்கும். அதனால் கறையின் மேல் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத காகிதத்தை ஒரு மடிப்பாக வைத்திருக்கிறேன்.

உளியை ஏட்டில் வைக்க முடியாது. அதன் மேல் மெல்லிய தாளைப் பரப்பி மென்பென்சிலால் தேய்த்தபோது, வளைந்த முனையும், தீட்டித் தீட்டித் தேய்ந்த விளிம்பும், பிடியில் சுற்றிய துணியின் இழையும் தனித்தனியாகப் பதிந்தன. அதன் கீழே, மரத்தில் வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதைப் போலவே, பழுப்புத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டினேன். பெட்டியின் தாள் கீற்றாக வெட்டும்போது பிசிறில்லாமல் வருவதை இங்கே பாராட்ட வேண்டும்.

ஊரிலிருந்து வந்த நீல ஏரோகிராம் கடிதங்களை ஒட்டவே கூடாது. அவற்றைப் பிரித்து வாசிக்கும்படி பாலிப்ரொப்பிலீன் உறையில் செருகினேன். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டப் பள்ளி வாத்தியார் வாசித்துக் காட்டி, பதிலும் எழுதித் தந்தார். ஆகவே அப்பாயியின் குரலுக்கென ஏட்டில் தனி இடம் வேண்டியிருந்தது. பழைய ஒலிநாடாவில் அவர் பேசியதை, “இருட்டுல பெரட்டுக்குப் போவணும், பால் வெயில்ல நிக்காது” என்ற பேச்சுநடை மாறாமல், கையால் எழுதிச் சேர்த்தேன் (பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுப்பது). பெட்டியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. கிள்ளானில் விற்கும் பொருளுக்கு இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல.

கடைசியில், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. அப்பாயி இறுதிவரை குடியுரிமை பெறவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, உடன் வந்தவர்கள் பலர் ஊருக்கே கப்பலேறிவிட, அவர் இங்கேயே நின்றார். இறப்பைப் பதியும்போது அட்டையைத் தேசியப் பதிவிலாகாவிடம் ஒப்படைத்துவிட்டோம், நகல் மட்டுமே மிஞ்சியது. அந்த நகலை அமிலமற்ற தாளில் மறுபடியும் அச்சிட்டு, தபால்தலைப் படத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த இரு பக்கங்களிலும் அலங்காரம் எதுவும் இல்லை.

முழுப் பெட்டியாக வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே கடையில் ஆல்பமும் தாளும் பெரிய உறைகளும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. மூன்றும் சேர்ந்து 110 ரிங்கிட்டுக்குள் அடங்கும். மீதித் தொகைக்கு நிறமி மைப் பேனாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்குவது மேல், ஏனெனில் இங்கே ஏட்டைக் கெடுப்பவை பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும்தான். நீளமான திருகாணித் தண்டுகளையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். என் அத்தைகள் தங்களிடம் இருக்கும் கடிதங்களை இப்போதுதான் தேடி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள், பெட்டியோடு வந்த தண்டு அதற்குப் போதவில்லை.