அணில் பாக்கெட்டில் அணில் இல்லை

2009 ஜனவரியில் பிரிட்டன் கடைகளில் ஆறு புது சிப்ஸ் வகைகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. ஆறையும் யோசித்தது பொதுமக்கள். 'என்ன சுவை வேண்டும், நீங்களே சொல்லுங்கள்' என்று வாக்கர்ஸ் கம்பெனி அதற்கு முந்தைய வருடம் போட்டி வைத்ததில் 12 லட்சம் யோசனைகள் குவிந்தன. அதில் ஆறைப் பொறுக்கி, பாக்கெட்டில் அடைத்து விற்று, மக்களிடமே ஓட்டு வாங்கினார்கள். ஜெயிப்பவருக்கு 50,000 பவுண்டு, கூடவே அந்தச் சுவையின் விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கு. நம் ஊரில் லேஸ் என்று வாங்குகிறோமே, அதே பெப்ஸிகோ சிப்ஸுக்கு அங்கே பெயர் வாக்கர்ஸ். மஞ்சள் வட்டமும் சிவப்பு நாடாவும் அப்படியே இருக்கும். இன்னொரு குழப்பம்: அங்கே சிப்ஸ் என்றால் தடிமனாக வறுத்த கிழங்கு. நாம் சொல்லும் சிப்ஸ் அங்கே கிரிஸ்ப்ஸ். நான் நம் ஊர் வழக்கப்படியே எழுதுகிறேன்.

அப்போது நான் லெஸ்டரில் இருந்தேன், வாக்கர்ஸின் சொந்த ஊரிலேயே. வீட்டில் மூன்று பேர். நான், ஒரு மதுரை நண்பன், எங்களைவிடப் பத்து வயது மூத்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். ஒரு சனிக்கிழமை ஆறு பாக்கெட்டையும் வாங்கிவந்து சோதனை போட்டோம். இரண்டே கேள்விதான். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் என்ன சுவை என்று சொல்ல முடிகிறதா? பாக்கெட் காலியாகிறதா?

இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

முதலில் பில்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தெருமுனைக் கடையில் சாப்பிடும் பேக்கன், முட்டை, வெண்ணெய் தடவிய டோஸ்ட், தக்காளி சாஸ் எல்லாம் சேர்ந்த தட்டு. அந்தத் தட்டையே பொடியாக்கித் தூவியிருந்தார்கள். கண்ணை மூடியிருந்த மதுரைக்காரன் வாயில் போட்டதும், "முட்டைடா!" என்றான். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கண்டுபிடிப்பதில் நூற்றுக்கு நூறு. ஆனால் நாலைந்து தின்றதும் முட்டையின் கவிச்சி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யாருடைய கையும் அந்தப் பக்கம் போகவில்லை.

கேஜன் ஸ்குவிரல் இதற்கு நேர் எதிர். கேஜன் என்றால் அமெரிக்காவின் லூசியானாவில் வாழும் பிரெஞ்சு வம்சாவளியினர். அவர்கள் சமையலில் அணில் கறி உண்டு. பிரிட்டனிலும் அது வெறும் வேடிக்கை இல்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்துவிட்ட சாம்பல் அணில் பெருகி, உள்ளூர்ச் செவ்வணிலை விரட்டிவிட்டது. அதனால் சாம்பல் அணில் இறைச்சியை விற்கும் கசாப்புக் கடைகளும் அப்போது இருந்தன. மதுரைக்காரன் பாக்கெட்டைப் பார்த்துத் தயங்கினான், ராமர் தடவிக்கொடுத்த முதுகாயிற்றே என்று. இந்த அணிலுக்கு முதுகில் கோடே கிடையாது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தோம். உள்ளே அணிலே இல்லை, சைவர்களும் தின்னலாம். மிளகாய், பூண்டு, கொஞ்சம் புகை மணம், அவ்வளவுதான். என்ன சுவை என்று மூன்று பேராலும் சொல்ல முடியவில்லை. பாக்கெட் மட்டும் காலி.

சிப்ஸின் சுவை என்பது கடைசியில் வறுத்த கிழங்கின் மேல் தூவுகிற ஒரு பொடி. உப்பு, சர்க்கரை, வெங்காயப் பொடி, ஈஸ்ட் சாறு, புளிப்புக்கு ஓர் அமிலம், மணத்துக்கு எசன்ஸ். சூட்டையும் சாற்றையும் பொடியில் அடைக்க முடியாது. ஆறில் எது தேறும், எது தேறாது என்பதை இதை வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸை எடுங்கள். மீனோடு வரும் கிழங்கு வறுவலின் சுவையைக் கிழங்கு வறுவலின் மேலேயே தூவுவது! சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்கிற மாதிரி. மீனைச் சுற்றிய சூடான மாவு மொறுமொறுப்புதான் அந்தச் சாப்பாட்டின் உயிர். அது பொடியில் வராதே. மிஞ்சியது வினிகர். கண்ணை மூடியிருந்த இருவரும் "சால்ட் அண்ட் வினிகர்" என்றார்கள். அது அந்த நாட்டில் காலங்காலமாக விற்கிற சாதாரணப் பாக்கெட்.

கிரிஸ்பி டக் அண்ட் ஹாய்சின் பரவாயில்லை. சீன உணவகங்களில் வாத்துக் கறியை மெல்லிய தோசை மாதிரியான ஒன்றில் சுருட்டி, இனிப்பான சோயா சாஸ் தடவித் தருவார்களே, அதுதான். வாத்து எங்கேயும் தட்டுப்படவில்லை, சாஸ் இருந்தது. அன்னாசிப்பூ மணம் தூக்கலாக இருந்ததால் அண்ணா "பிரியாணியோ?" என்று கேட்டார். பாதிப் பாக்கெட் போயிற்று.

சில்லி அண்ட் சாக்லெட்: முதலில் இனிப்பு, பிறகு கோகோ, எல்லாம் முடிந்து விழுங்கின பிறகு காரம். ஆளுக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு கேள்விக்கும் தேறியது ஒன்றே ஒன்று, ஆனியன் பாஜி. பெயரைப் பார்த்து நம் பஜ்ஜி என்று நினைக்கவேண்டாம். பிரிட்டனில் அந்தப் பெயரில் கிடைப்பது உருண்டையாகப் பொரித்த வெங்காயப் பக்கோடா. ஏற்கெனவே எண்ணெயில் பொரிந்தது, ஏற்கெனவே மொறுமொறுப்பு, ருசி முழுக்க வெங்காயத்திலும் சீரகத்திலும் மல்லியிலும். பொடியாக்கினாலும் அதிகம் தொலைந்துபோக அதில் ஒன்றும் இல்லை. நான் பாக்கெட்டைப் பிரித்ததும் அண்ணா கண்ணைத் திறக்காமலே, "இதில என்ன கேள்வி, பக்கோடாதானே" என்றார். அடியில் கிடந்த தூளை மதுரைக்காரன் உள்ளங்கையில் கொட்டி நக்கினான். நம் நாக்குக்கு இது ஒருதலைப்பட்சம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் குஜராத்திக் குடும்பங்கள் நிறைந்த லெஸ்டரில் அது வெளியூர்ச் சுவையும் இல்லை.

மே மாதம் ஓட்டு எண்ணியபோது ஜெயித்தது பில்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, யோசித்தால் இருந்திருக்கக் கூடாது. அந்தப் பெயரைக் கேட்டாலே அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு காலை நேரமும் ஆவி பறக்கும் தேநீரும் ஞாபகம் வரும். ஓட்டு அதற்குத்தான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். இறுதி ஆறைத் தேர்ந்த நடுவர்களில் ஒருவர் ஹெஸ்டன் புளூமென்தால், முட்டையும் பேக்கனும் சேர்த்து ஐஸ்கிரீம் செய்து பெயர் வாங்கிய சமையல்காரர். அவர் கண்ணுக்கு இது தப்பியிருக்குமா என்ன! ஆனாலும் ஞாபகத்துக்கு ஓட்டுப் போடுவது வேறு, வாராவாரம் காசு கொடுத்து வாங்குவது வேறு. 2010 மே மாதமே அந்தச் சுவையை நிறுத்திவிட்டார்கள்.

2014இல் போட்டி மறுபடியும் வந்தது. இம்முறை பரிசு 10 லட்சம் பவுண்டு. நார்நாராகப் பிய்த்த பன்றிக்கறியின் சுவையான புல்ட் போர்க் ஜெயித்தது. இறுதி ஆறில் ரான்ச் ரக்கூன் என்று ஒன்று இருந்தது. ரக்கூன் என்பது அமெரிக்காவில் வாழும் ஒரு சிறு விலங்கு. அணிலைப் பார்த்து எவரோ சூடு போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் வாங்கினேன். அதிலும் ரக்கூன் இல்லை.