பூல் கியூவின் பட்: ஒரே மரமா, ஒட்டியதா? கொழும்பு ஈரத்தில் எது நிற்கும்?

பூல் ஆடும் கோலான கியூ வாங்கும்போது எல்லோர் கண்ணும் நுனியிலுள்ள டிப்பிலும் முன்பாதியான ஷாஃப்டிலும்தான் போகிறது. பின்பாதியான பட் ஒரே மரமா, துண்டு துண்டாக ஒட்டியதா என்று கேட்பவர் குறைவு. இங்கே இரண்டு மூன்று மழைக்காலம் போனால் தெரியும், கோளாறு பலவும் அங்கேதான் தொடங்குகிறது.

58 அங்குலக் கியூவில் பட் 29 அங்குலம். ஒட்டுப் பட்டில் ஷாஃப்ட் பக்கமிருந்து அடி வரை ஃபோர்ஆம், பிடி, ஸ்லீவ் என்று மூன்று துண்டு. ஃபோர்ஆமும் பிடியும் சேரும் இடம் ஏ-ஜொயின்ட்; உள்ளே ஒரு திருகாணி, சுற்றிலும் எபொக்சிப் பசை. ஒரே மரத்துப் பட்டில் இந்தச் சங்கதி எதுவும் இல்லை. கழன்று ஒலிக்க இணைப்பு எதுவும் இல்லாததால் அடி சுத்தமாகக் கைக்கு வருகிறது. ஆனால் நன்றாக இறுகிய ஏ-ஜொயின்ட் உள்ள கியூவைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் வித்தியாசம் பிடிபடுவது கடினம். ‘ஒரே மரம் என்றாலே நல்ல அடி’ என்பது பாதி விற்பனைப் பேச்சு.

உண்மையான வித்தியாசம் எடையில். ஹார்ட் மேப்பிளில் முழுப் பட்டும் கடைந்தால் மரம் மட்டும் சுமார் 10 அவுன்ஸ். ஷாஃப்ட் 4 அவுன்ஸ். முழுக் கியூவும் 19 அவுன்ஸ் வேண்டுமென்றால் அடியில் எடை போல்ட் போட்டாக வேண்டும். அதே அளவுக் கருங்காலி 15ஐத் தாண்டும்; எல்லாம் சேர்ந்தால் 20க்கு மேல் போய்விடும், போல்ட்டைக் கழற்றிக் குறைக்கவும் வழியில்லை. இதனால்தான் கருங்காலியை ஃபோர்ஆமுக்கு மட்டும் வைக்கிறார்கள், அல்லது நடுவே முக்கால் அங்குலம் துளைத்து மேப்பிள் தண்டை இறக்குகிறார்கள்.

அடுத்தது வளைவு. ஏசி அறையில் உலர்ந்து, வெளியே வந்ததும் ஈரம் குடித்து, மறுபடி ஏசிக்குள் போகும் மரம் சும்மா இருக்காது. 29 அங்குலமும் ஒரே துண்டாக, இழை கொஞ்சம் சாய்ந்திருந்தால், முழு நீளத்துக்கும் வளையும். ஒட்டுப் பட்டில் ஒவ்வொரு துண்டும் குட்டை என்பதால் அந்தச் சேதம் குறைவு. கடைந்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மறுபடி கடைந்த ஒற்றைப் பட் நேராக நிற்கும். அவசரத்தில் கடைந்தது நிற்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் சிக்கல்.

ஒட்டுப் பட்டின் நோய் வேறு. மேப்பிளும் கருங்காலியும் ஒரே அளவில் ஊதுவதில்லை, அதனால் ஏ-ஜொயின்ட்டில் பூச்சு மயிரிழையாகப் பிளக்கும். நகத்துக்குத் தட்டுப்படும் அந்தக் கோடு பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஷாஃப்டைக் கழற்றி, பட் பகுதியை இரு விரலில் தளர்வாகப் பிடித்து முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்றால் சரி. ‘ஸ்ர்ர்’ என்று இழுத்தால் முதலில் அடியிலுள்ள எடை போல்ட்டை இறுக்குங்கள், பல தடவை குற்றவாளி அதுவே. அதற்குப் பிறகும் சத்தம் போகாவிட்டால் எபொக்சிக்குள் வெற்றிடம். மெல்லிய சுப்பர் குளூ மேல் பிளவை மூடும், உள்ளே போகாது. பிரித்துத் திரும்ப ஒட்டுவதுதான் வழி.

மதிய வெயிலில் நிறுத்திய கார் எந்த வகைப் பட்டுக்கும் ஆகாது. உள்ளே 50 பாகை தாண்டும்போது சாதாரண எபொக்சி இளகத் தொடங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று வேறு: ஷாஃப்டையும் பட்டையும் இணைக்கும் திருகாணி சாதாரண எஃகாக இருந்தால் அந்த ஜொயின்ட்டில் துரு படரும். அடியிலுள்ள றப்பரைக் கழற்றி எடை போல்ட்டையும் எப்போதாவது பார்த்துத் துடையுங்கள்.

வாங்கும் முன் மேசையில் உருட்டுகிறார்கள். முழுக் கியூவாக உருட்டினால் ஷாஃப்டின் வளைவும் பட்டின் வளைவும் கலந்து ஏமாற்றும். இரண்டையும் தனித்தனியே உருட்டுங்கள். நூல் சுற்றிய பிடி மேசையில் படியாது, அங்கே பட் பகுதியைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதே நம்பகமானது. தினமும் பையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு நல்ல ஒட்டுப் பட்டே போதும். வீட்டு மேசைக்கு, இழை நேரான மேப்பிளில் ஒரே மரம் கிடைத்தால் அதை எடுக்கலாம், சுற்று நூல் இல்லாமல்.