கெந்திங்கா, கேமரன் மலையா: ஸ்ட்ராபெரி பறிக்க எங்கே செல்வது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது கோலாலம்பூர்க் குடும்பங்களில் எழும் கேள்வி இது. இரண்டுமே மலேசியாவின் குளிர்ந்த மலைப்பகுதிகள்.

தொலைவு: கெந்திங் மலைச்சாரலிலுள்ள கோத்தோங் ஜெயாவுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். கேமரன் மலையோ சுமார் 200 கிலோமீட்டர். அங்கு ஏறும் தாப்பா சாலையின் வளைவுகள் பிள்ளைகளுக்குக் குமட்டலைத் தரும் என்பதால், சற்றுச் சுற்றானாலும் சிம்பாங் பூலாய் வழியே ஏறுவது நல்லது.

செலவு: கேமரனில் தங்கும் செலவும் சேரும்.

பழம்: பறித்தபின் ஸ்ட்ராபெரி மேலும் பழுக்காது, ஆகவே காம்புவரை சிவந்ததையே பறிக்க வேண்டும். கேமரனின் பிரிஞ்சாங் வட்டாரத்தில் தோட்டங்கள் பல இருப்பதால், ஒன்றில் தீர்ந்திருந்தாலும் அடுத்ததில் கிடைக்கக்கூடும். கெந்திங்கில் அந்த வாய்ப்பு குறைவு. (எடைபோட்டு விற்கும் இடங்களில் பிள்ளைகளின் கூடைமீது ஒரு கண் இருக்கட்டும்.)

கைக்குழந்தையுடன் அரைநாள் மட்டுமே ஒதுக்க முடிந்தவர்களுக்குக் கெந்திங் பொருந்தும். தேயிலைத் தோட்டத்தையும் பார்த்து ஓரிரவு தங்க இயன்றவர்கள் கேமரனுக்கே செல்லலாம்.