மலேசிய எதிரணி: 2013-உம் 2018-உம்

இந்த இரு தேர்தல்களில் எதிரணி போன வழிகளில் எது மேல்? 2013 பொதுத் தேர்தலில் எதிரணித் தலைவர் அன்வார் இப்ராகிமின் அணிக்கு ஏறக்குறைய 51 சதவீத வாக்கு. கிடைத்ததோ நாடாளுமன்றத்தின் 222-இல் 89 இடங்கள். அரசின் மீதான கோபம் நகரங்களில் குவிந்தது. தொகுதிகளும் ஏறுக்குமாறு: புத்ராஜெயாவில் சுமார் 16,000 வாக்காளர்கள், காப்பாரில் 1,44,000! இது அப்பட்டமான அநியாயம்.

2018-க்குள் கூட்டணியிலிருந்த இஸ்லாமியக் கட்சியான பாஸ் பிரிந்துபோயிருந்தது, வாக்கு சதவீதமும் கூடவில்லை. ஆனால் 6 சதவீத ஜிஎஸ்டியை 100 நாளில் ஒழிப்போம் என்ற வாக்குறுதி, கடையில் ரசீது வாங்கும் எவருக்கும் சட்டெனப் புரிந்தது. தீபகற்ப மலேசியா முழுக்க கூட்டணிக்கு ஒரே சின்னம். முன்னாள் பிரதமரான 92 வயது மகாதீர் எதிரணியின் முன்னால் நின்றதில் மலாய் கிராமங்களின் தயக்கம் ஓரளவு விலகியது. 113 இடங்கள், அப்புறம் சபா மாநிலக் கூட்டாளிக் கட்சியின் 8; ஆட்சி கைக்கு வந்தது.

என் ஓட்டு 2018 வழிக்கே. 1999-இல் அன்வாருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது மகாதீர் ஆட்சியில்தான். அந்தக் கசப்பை விழுங்கித்தான் இருவரும் கைகோத்தார்கள்.